கரும்புச் சக்கைக் கரைசலில் இருந்து நொதித்தலைத் தடுக்கும் பொருட்களைக் கரியால் நீக்குவது எப்படி

கரும்புச் சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தோடு 121 °செ. வெப்பத்தில் ஆட்டோகிளேவில் வேகவைத்தால், அதன் நார்ப்பகுதியான ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சைலோஸ் என்ற சர்க்கரை கரைசலில் இறங்கிவிடும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டிக்கோ எத்தனாலுக்கோ இதுதான் மூலப்பொருள். ஆனால் அதே வெப்பமும் அமிலமும் சைலோஸின் ஒரு பகுதியை ஃபர்ஃபியூராலாகவும், குளுக்கோஸின் ஒரு பகுதியை ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூராலாகவும் (இனி ஹெச்.எம்.எஃப்.) மாற்றுகின்றன. ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருந்த அசிட்டைல் தொகுதிகள் கழன்று அசிட்டிக் அமிலமாகின்றன. லிக்னினின் துணுக்குகள் வெனிலின், சிரிஞ்சால்டிஹைடு, ஃபெருலிக் அமிலம், கூமாரிக் அமிலம் என்று ஃபீனால் வகைகளாகக் கலக்கின்றன. இத்தனையும் சேர்ந்த கரைசலில் ஈஸ்ட்டைப் போட்டால், ஒரு நாள் கழித்தும் சர்க்கரை அளவு அசையாமல் இருக்கும்.

ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது செயலூட்டிய கரி (இனி வெறும் கரி), இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கும், மீதியைத் தொடாது. ஃபீனால் வகைகளையும் ஃபர்ஃபியூராலையும் நன்றாகப் பிடிக்கும். ஹெச்.எம்.எஃப். தண்ணீரோடு அதிகம் ஒட்டும் மூலக்கூறு என்பதால் அதைக் கொஞ்சம் மந்தமாகவே பிடிக்கும். அசிட்டிக் அமிலத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். சர்க்கரையையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்பதால்தான் இந்த முறையே பயன்படுகிறது. கரியைக் கூட்டிக்கொண்டே போனால் அசிட்டிக் அமிலமும் போய்விடும் என்று எண்ணுவது வீண் செலவு.

எந்தக் கரி

கொங்கு வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக் கரியை அப்படியே பொடித்துப் போட்டால் வேலை நடக்காது. அது வெறும் எரிகரி. அதன் துளைகள் இன்னும் திறக்கப்படவில்லை. அதை ஏறத்தாழ 900 °செ. வெப்பத்தில் நீராவியால் செயலூட்டிய பிறகுதான் ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவில் உட்பரப்பு கிடைக்கிறது.

விற்பவர்கள் முதலில் சொல்வது அயோடின் எண், அதாவது ஒரு கிராம் கரி பிடிக்கும் அயோடினின் மில்லிகிராம் அளவு. 900 முதல் 1100 வரை இருந்தால் போதும். ஆனால் அயோடின் மிகச் சிறிய மூலக்கூறு. அந்த எண் நுண்துளைகளின் அளவை மட்டுமே காட்டும். தொட்டிக் கரியில் நுண்துளைகளே அதிகம், ஃபர்ஃபியூராலுக்கு அது பொருந்தும். லிக்னினின் பெரிய துணுக்குகளும் பழுப்பு நிறமும்தான் உங்கள் தலைவலி என்றால், இடைத்துளைகள் (நடுத்தர அளவுத் துளைகள்) கூடிய, மரத்திலிருந்து செயலூட்டிய கரி மேலானது. ஆகவே அயோடினைவிடப் பெரிய சாய மூலக்கூறை வைத்து அளக்கும் மெத்திலீன் ப்ளூ எண்ணையும் கேளுங்கள். கூடவே சாம்பல் சதவீதம், ஈரப்பதம், கரியின் பிஹெச் ஆகிய மூன்றும் வேண்டும். நீராவியால் செயலூட்டிய கரி தண்ணீரில் போட்டால் பிஹெச் 9 முதல் 10 வரை காட்டும். பாஸ்பாரிக் அமிலத்தால் செயலூட்டியது அமிலத்தன்மை காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குபவர்கள், பிஹெச் 5.5 என்று கச்சிதமாகச் சரிசெய்துவிட்டு, கரி போட்ட பத்தாம் நிமிடம் அது ஏறியிருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

அமிலத்தில் கழுவிய கரி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே கழுவலாம்: 100 கிராம் கரிக்கு 1 லிட்டர் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், அரை மணி நேரம் மெல்லிய கொதி, பிறகு கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசல். 105 °செ. அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். திறந்து கிடக்கும் கரி ஈரத்தையும் ஆய்வகத்தில் உலவும் கரைப்பான் ஆவிகளையும் தானே பிடித்துக்கொள்ளும். கரைப்பான் அலமாரியில் பல மாதம் கிடந்த கரியின் முடிவுகளை நம்ப வேண்டாம்.

கரிக்கு முன்னால் செய்ய வேண்டியது

கரி கடைசிக் கருவி. அதற்கு முன் மலிவாக நீக்கக்கூடியதை நீக்கிவிட வேண்டும்.

முதலில் வெற்றிடத்தில் ஆவியாக்கிச் செறிவூட்டல். 65–70 °செ. வெப்பத்துக்கு மேல் போகாதீர்கள். தண்ணீர் போகப்போக அமிலமும் செறிந்துகொண்டே வரும். சூடு ஏறினால் சைலோஸ் உடைந்து புது ஃபர்ஃபியூரால் பிறக்கும். இந்தப் படியில் ஃபர்ஃபியூரால் நீராவியோடு பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது, அசிட்டிக் அமிலமும் ஓரளவு போகும். நடுநிலையாக்கிய பிறகு ஆவியாக்கினால் அசிட்டிக் அமிலம் உப்பாக மாறி உள்ளேயே தங்கிவிடும், சுண்ணாம்பும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் ஜிப்சமும் குடுவைச் சுவரில் படியும். ஆகவே ஆவியாக்கல் முன்னால், சுண்ணாம்பு பின்னால். ஹெச்.எம்.எஃப்.பும் ஃபீனால் வகைகளும் ஆவியாகாமல் சர்க்கரையோடு சேர்ந்து செறியும். கரிக்கான முதன்மை வேலை அவைதான்.

அடுத்தது சுட்ட சுண்ணாம்பு. 1 கிராம் கந்தக அமிலத்துக்குக் கணக்குப்படி 0.57 கிராம் சுட்ட சுண்ணாம்பு தேவை. லிட்டருக்கு 10 கிராம் அமிலம் இருந்தால் 5.7 கிராம். கரிம அமிலங்களும் சுண்ணாம்பின் மாசும் சேர்ந்து உண்மையில் இதைவிடக் கூடவே பிடிக்கும். கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேர்த்து பிஹெச் 7 வரை கொண்டுபோங்கள். படியும் ஜிப்சத்தை வடித்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலத்தால் 5.5க்கு இறக்கி, மீண்டும் வடியுங்கள். சூடான கரைசலில் பிஹெச் 10க்கு மேல் ஏற்றுவதும் ஒரு முறைதான். ஆனால் சைலோஸ் அதில் சிதையும். கரி கையில் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

இந்த 7, பிறகு 5.5, பிறகு கரி என்ற வரிசை, பிரேசிலின் லொரேனா நகரில் கரும்புச் சக்கையிலிருந்து சைலிட்டால் தயாரிக்கும் ஆய்வுகளில் நன்கு பழகிப்போனது. அதற்கு மாற்றாக, பிஹெச் 2 அளவிலேயே கரி போடுபவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ஃபெருலிக், கூமாரிக் அமிலங்கள் பிஹெச் 4.5க்குக் கீழே மின்சுமை இல்லாமல் இருக்கும். கரி அவற்றைக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அந்த அமிலத்தில் கரியின் சாம்பலிலிருந்து இரும்பும் கால்சியமும் கரைந்து வரும், பாத்திரமும் அமிலம் தாங்க வேண்டும். அமிலத்தில் கழுவிய கரியும் கண்ணாடிப் பாத்திரமும் இருந்தால் இரண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லையேல் 5.5 பாதுகாப்பானது.

அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை

2.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 25 கிராம், என்று பல இடங்களில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சக்கை, உங்கள் கரி, உங்கள் கரைசல் மூன்றும் வேறு. ஒரு நாள் செலவழித்தால் சரியான அளவு கையில் கிடைக்கும்.

மூடியுள்ள 250 மி.லி. குடுவைகள் ஏழு. ஒவ்வொன்றிலும் 100 மி.லி. கரைசல். கரி 0, 0.25, 0.5, 1, 2, 4 கிராம் என்று ஆறில். ஏழாவதில் உங்கள் கரைசலுக்குப் பதிலாக, அதே அளவு சைலோஸ் மட்டும் கலந்த சுத்தமான நீரும் 2 கிராம் கரியும். 30 °செ., நிமிடத்துக்கு 200 சுற்று, ஒரு மணி நேரம். பொடிக்கரிக்கு இது தாராளம். செறிந்து பாகுபோல இருக்கும் கரைசலுக்கு 60 °செ., அரை மணி என்பதும் சரி. சூட்டில் பிடிப்பு சற்றுக் குறைந்தாலும் மூலக்கூறுகள் துளைகளுக்குள் வேகமாகப் போய்ச்சேரும்.

கரியே போடாத குடுவையை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். 60 °செ.யில் மூடாமல் கலக்கினால் ஃபர்ஃபியூரால் தானே பறந்துபோகும். அந்தக் குறைவையும் கரியின் கணக்கில் எழுதிவிட்டால், பெரிய தொட்டியில் அதே அளவு கரி தோற்கும்.

அளவிட ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகைக் கருவி) இருந்தால் கரிம அமிலங்களுக்கான பிரிப்புக் குழாய், ஓடு திரவமாக 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மி.லி.; சர்க்கரைக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் ஒளிவிலகல் கண்டறிவான், ஃபியூரான்களுக்கு (ஃபர்ஃபியூரால், ஹெச்.எம்.எஃப்.) புறஊதாக் கண்டறிவான். இல்லாவிட்டாலும் புறஊதா நிறமாலைமானி ஒன்று போதும். கரைசலை 500 மடங்கு நீர்த்து, 284 நானோமீட்டரில் வரும் உட்கவர்தலில் இருந்து 320இல் வருவதைக் கழித்தால் ஃபர்ஃபியூராலும் ஹெச்.எம்.எஃப்.பும் சேர்ந்த அளவுக்கு நல்ல மதிப்பீடு கிடைக்கும். 320ஐக் கழிப்பது ஃபீனால் வகைகளின் குறுக்கீட்டைக் குறைக்கத்தான். மொத்த ஃபீனாலுக்கு ஃபோலின் வினைப்பொருள், 765 நானோமீட்டர். ஒடுக்கும் சர்க்கரையும் அதில் கொஞ்சம் நிறம் கொடுக்கும், ஆகவே சர்க்கரை மட்டும் உள்ள குடுவையின் அளவீட்டைக் கழியுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பழுப்புத் தேநீர் வெளிர்மஞ்சளாகும்போது மனம் குளிரும். ஆனால் புதிய ஃபர்ஃபியூரால் நிறமற்றது. கண்ணுக்குத் தெளிந்த கரைசல் ஈஸ்ட்டுக்கு நஞ்சாக இருக்கலாம், கொஞ்சம் பழுப்பானது நன்றாக நொதிக்கலாம். கடைசித் தீர்ப்பை ஈஸ்ட்டிடமே விடுங்கள்: ஒவ்வொரு குடுவைக் கரைசலிலும் 50 மி.லி. எடுத்து, ஒரே அளவு விதைப்புடன், சுத்தச் சர்க்கரை ஊடகத்தோடு ஒப்பிட்டு நொதிக்க வையுங்கள். எந்த அளவுக்கு மேல் நொதித்தல் வேகம் கூடவில்லையோ, அதுதான் உங்கள் அளவு. ஃபர்ஃபியூராலைப் பூஜ்யமாக்கத் தேவையில்லை. கொஞ்சம் இருந்தால் ஈஸ்ட் அதைத் தானே ஃபர்ஃபியூரைல் ஆல்கஹாலாக மாற்றிக்கொள்ளும். நடைமுறையில் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல்தான் தயக்கம் தெளிவாகத் தெரியும். அசிட்டிக் அமிலமும் ஃபீனாலும் கூட இருந்தால் அதற்குக் கீழேயே தொடங்கிவிடும்.

ஒரே தடவை போடுவதா, பிரித்துப் போடுவதா

கரியைச் சேமிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. கரி எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பது, கடைசியில் கரைசலில் மிஞ்சும் செறிவைப் பொறுத்தது. ஒரே தடவையில் எல்லாக் கரியையும் போட்டால், அத்தனை கரியும் தெளிந்த கரைசலோடு சமநிலைக்கு வருகிறது. அதன் கொள்ளளவில் பெரும்பகுதி வீணாகிறது.

ஓர் எண்கணக்கு. ஃபர்ஃபியூரால் லிட்டருக்கு 2 கிராமிலிருந்து 0.2 கிராமுக்கு வர வேண்டும். கரியின் ஏற்பு, ஃப்ராய்ன்ட்லிச் சமன்பாட்டின்படி, ஒரு கிராமுக்கு 0.2 × செறிவின் வர்க்கமூலம் என்று வைத்துக்கொள்வோம் (இந்த 0.2 உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டது, உங்களுடையது மேலே சொன்ன சோதனையிலிருந்து வரும்). முடிவுச் செறிவு 0.2 என்றால் ஏற்பு 0.089 கிராம். நீக்க வேண்டியது 1.8 கிராம். ஆக லிட்டருக்கு 20 கிராம் கரி. இதையே இரண்டு தடவையாகப் பிரித்து, முதல் தடவையில் 0.8க்குக் கொண்டுவந்து வடித்து, புதுக் கரியால் 0.2க்கு இறக்கினால், தடவைக்கு 6.7 கிராம், மொத்தம் 13.4. எதிரோட்டமாகச் செய்தால் இன்னும் குறையும்: இரண்டாம் கட்டத்தில் பயன்பட்ட கரியைத் தூக்கி எறியாமல் அடுத்த தொகுதியின் முதல் கட்டத்துக்குக் கொடுத்தால், லிட்டருக்கு 9 கிராம் போதும். 20 கிராமுக்கும் 9 கிராமுக்கும் ஒரே முடிவு. கூடுதல் வடிகட்டல் ஒன்றுதான் இதற்கு விலை. ஆய்வகத்தில் அது தொல்லை. தினமும் ஆயிரம் லிட்டர் ஓட்டுபவருக்கு லாபம்.

உண்மைக் கரைசலில் ஃபீனாலும் ஃபர்ஃபியூராலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஆகவே சமன்பாட்டின் மாறிலிகளை உங்கள் கரைசலிலேயே எடுங்கள், தண்ணீரில் கரைத்த தூய ஃபர்ஃபியூராலில் அல்ல.

1 லிட்டருக்குச் செய்முறை

நடுநிலையாக்கி வடித்த, பிஹெச் 5.5 உள்ள கரைசல் 1 லிட்டர். சோதனையில் வந்த அளவு, 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உலர்கரியைக் கரைசலில் நேரடியாகக் கொட்டினால் தூசி பறக்கும், கட்டியும் பிடிக்கும். 50 மி.லி. கரைசலைத் தனியே எடுத்து அதில் கரியைக் குழம்பாக்கி, அந்தக் குழம்பை ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து பிஹெச் பார்த்து மீண்டும் சரிசெய்யுங்கள். மூடி, ஒரு மணி நேரம் கலக்குங்கள்.

வடிப்பதற்கு, வெற்றிடத்தால் இழுக்கும் புக்னர் புனலில் இரண்டு அடுக்கு வடிதாள், அதன் மேல் டயட்டமேசியஸ் எர்த் (வடிகட்ட உதவும் சிலிக்காப் பொடி) குழம்பை 3–5 மி.மீ. கனத்துக்குப் படியவிட்டு, பிறகு கரைசல். சாதாரண முதல் எண் வடிதாளின் துளை 11 மைக்ரான். பொடிக்கரியின் நுண்தூள் அதில் தாராளமாகப் புகுந்துவரும். முதலில் வரும் 50 மி.லி. சாம்பல் நிறமாக இருந்தால் மீண்டும் மேலே ஊற்றுங்கள். கடைசியில் 0.45 மைக்ரான் சவ்வு. இதைத் தவிர்த்தால் பின்னால் இரண்டு இடத்தில் அடிவிழும்: ஹெச்.பி.எல்.சி. பிரிப்புக் குழாய் அடைபடும்; 600 நானோமீட்டரில் ஈஸ்ட் வளர்ச்சியை அளக்கும்போது கரித்தூளும் செல்லாக எண்ணப்படும்.

சர்க்கரை இழப்பு என்று பலர் எழுதும் எண்ணில் பெரும்பகுதி கரி உறிஞ்சியது அல்ல, கரிக் கட்டியில் ஈரமாக மாட்டிக்கொண்ட கரைசல். 20 கிராம் கரி 20 முதல் 35 மி.லி. வரை கரைசலைப் பிடித்துவைக்கும். 1 லிட்டரில் அது 2 முதல் 3.5 சதவீதம். வெற்றிடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கட்டி விரிசல் விடுவதற்கு முன், 20 மி.லி. தண்ணீரை இரண்டு தவணையாகத் தெளித்து இழுங்கள். சர்க்கரை திரும்பிவிடும். அதிகம் கழுவினால் பிடித்த ஃபர்ஃபியூராலும் சேர்ந்து இறங்கும்.

ஈஸ்ட் சாறு, அம்மோனியம் சல்பேட், வைட்டமின்கள் எல்லாம் கரியை நீக்கிய பிறகுதான். முன்னால் போட்டால் பயோட்டினையும் தயமினையும் கரி விழுங்கிவிடும், நொதித்தல் ஏன் மந்தமானது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கிருமிநீக்கத்திலும் கரைசலையும் நைட்ரஜன் ஊட்டத்தையும் தனித்தனியே வையுங்கள். சேர்த்து 121 °செ.யில் வைத்தால் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து மறுபடி பழுப்பாகும். கரைசலுக்கு 110 °செ., 15 நிமிடம் போதும், அல்லது 0.2 மைக்ரான் சவ்வு.

மிஞ்சிய அசிட்டிக் அமிலம்

இதற்குக் கரி இல்லை, பிஹெச் உண்டு. செல்லுக்குள் புகுந்து தொல்லை தருவது அயனியாகாத வடிவம். லிட்டருக்கு 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருந்தால், பிஹெச் 4.5இல் அயனியாகாதது 3.2 கிராம், 5.5இல் 0.8 கிராம், 6இல் 0.3 கிராமுக்கும் கீழே. நொதித்தலை 5.5–6இல் நடத்தினால் அந்த அமிலம் இருந்தும் பெரும்பாலும் இல்லாததுபோல. நொதிக்கும்போது பிஹெச் இறங்கும். தாங்கல் கரைசலோ தானியங்கிக் காரச் சேர்ப்போ இல்லாமல் குடுவையில் விட்டால் மறுநாள் காலையில் பழைய கதைதான்.

குழாய்ப் படுகையில் ஓட்டினால்

தொடர்ந்து ஓட்டுபவர்களுக்குப் பொடி உதவாது. 12×40 மெஷ் (சல்லடை எண்) குருணைக் கரி வேண்டும். குழாயின் உள்விட்டம் குருணையைப் போல் குறைந்தது 20 மடங்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் கரைசல் சுவரோரமாக நழுவிவிடும். குருணையை இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, துளைகளிலுள்ள காற்று வெளியேறிய பிறகே நிரப்புங்கள். கீழிருந்து மேலாக நீர் செலுத்தித் தூளை அகற்றுங்கள். வெற்றுப் படுகைக் கணக்கில் (படுகையின் கன அளவை ஓட்ட வேகத்தால் வகுத்தால்) தங்கும் நேரம் 30 நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

வெளிவரும் வரிசை முக்கியம். முதலில் சர்க்கரையும் அசிட்டிக் அமிலமும், பிறகு ஹெச்.எம்.எஃப்., பிறகு ஃபர்ஃபியூரால், கடைசியில்தான் ஃபீனால் வகைகள். ஃபீனால் முன்னேறும்போது ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஃபர்ஃபியூராலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அப்போது வெளியே வரும் ஃபர்ஃபியூரால், உள்ளே போவதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். ஹெச்.எம்.எஃப். தலைகாட்டும் இடத்தில் படுகையை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

படுகை சில நாளில் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஜிப்சம்தான். வடித்த பிறகும் லிட்டருக்கு 2 கிராம் அளவில் கரைந்தே இருக்கும். கரைசலை அதற்குப் பிறகு செறிவூட்டினாலோ சூடாக்கினாலோ கரிமேல் படியும். நடுநிலையாக்கிய கரைசலை ஓர் இரவு விட்டு, மறுநாள் வடித்தே படுகைக்கு அனுப்புங்கள்.

பயன்பட்ட கரி

குருணைக் கரியை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவினால் ஃபீனால் வகைகளில் ஒரு பகுதி கழன்று வரும். நீராவி விட்டால் ஃபர்ஃபியூரால் வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவு குறையும், முழுமையான மீட்புக்கு 800 °செ.க்கு மேல் உலை வேண்டும். பொடிக்கரியை மீட்க முயல்வது கட்டுபடியாகாது. ஆலையில் சக்கை எரியும் கொதிகலனுக்குள்ளேயே ஈரத்தோடு சேர்த்து எரித்துவிடலாம். திறந்த குப்பையில் கொட்டினால் பிடித்ததெல்லாம் மழையில் மண்ணுக்கு இறங்கும்.

ஈரக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். பயன்பட்ட கரி கிடக்கும் மூடிய தொட்டிக்குள், ஆக்சிஜன் அளவைக் கருவியால் பார்க்காமல், வெளியே ஒருவரை நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது.